சாம்பல் ராணியும் ஒரு வார லீவும்

அடுத்த வாரம் எப்படியும் சாம்பல் ராணியைத் தீர்த்துக்கட்டிவிடுவது என்று லென்ஸ் முடிவெடுத்தபோது அவர் குளியலறையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியைப் பார்த்து, "உன் கதை முடிஞ்சுது" என்று பல்லைக் கடித்தபடி சொன்னார். மீசையோரத்தில் வெட்டிக்கொண்டார்.

யாரும் போலீசைக் கூப்பிட வேண்டாம். லென்ஸ் கொலைகாரர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து ஃபிரேமுக்குள் பொருத்துகிறவர். பெயர் வந்த வழி அதுதான். கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நின்று மனைவியைக் கூப்பிடுகிற ஜாதி. சாம்பல் ராணி குடியிருப்பது அவருடைய லேப்டாப்பில்.

அந்த விளையாட்டை எங்கேயோ ஒரு சின்ன அறையில் இரண்டே பேர் உட்கார்ந்து செய்தார்களாம். பெரிய கம்பெனிச் சரக்கு இல்லை. படமெல்லாம் பொடிப்பொடிக் கட்டங்களாகத்தான் தெரியும். அதில் நீங்கள் ஒரு சுடுகாட்டு மந்திரவாதி. உங்களுக்குச் சண்டை போடத் தெரியாது. யாராவது உரசினாலே மண்டையைப் போட்டுவிடுவீர்கள். ஆனால் கையைத் தூக்கினால் போதும், செத்துக் கிடப்பதெல்லாம் எழுந்து வந்து உங்கள் முன்னால் வரிசையில் நிற்கும். எலும்புக்கூடு, அழுகின பிணம், தலையில்லாத முண்டம் எல்லாம் உங்கள் படை. "போ" என்றால் போகும். "ஏன், நீங்க போகக் கூடாதா?" என்று கேட்காது.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் லென்ஸ் விழுந்தார். கடையில் முதலாளியம்மா சொல்வதை அவர் கேட்கவேண்டும். வீட்டில் மனைவி சொல்வதைக் கேட்கவேண்டும். டிவியில் எந்தச் சேனல் என்பதை மாமனார் சொல்வார். வாழ்க்கையில் முதல் தடவையாக இவர் சொன்னதை யாரோ கேட்டார்கள். அவர்களுக்கு உயிர் இல்லை என்பதை அவர் ஒரு குறையாக நினைக்கவில்லை.

ஒரே ஒரு சங்கடம். அந்த ஆட்டத்தில் செத்தால் செத்ததுதான். படை போய்விடும், மறுபடி பாழும் கிணற்றடியில் ஒற்றை எலும்புக்கூட்டோடு ஆரம்பிக்கவேண்டும். போன பிறவியில் சேர்த்த மந்திர சக்தியில் ஒரு துளி மட்டும் கூடவே வரும். இப்படிச் செத்துச் செத்துப் பிழைத்து லென்ஸ் சாம்பல் ராணியின் வாசல் வரைக்கும் போய்விட்டார். அங்கேதான் மாதக்கணக்காக மண்ணைக் கவ்விக்கொண்டிருக்கிறார்.

ராணி அடிக்கவே மாட்டாள். உட்கார்ந்த இடத்தில் ஒரு விரலை மட்டும் அசைப்பாள். லென்ஸ் அனுப்பிய படை பாதி வழியில் நின்று, யோசித்து, அப்படியே திரும்பி இவர் மேலேயே பாயும். அதுவும் இவர் முதன்முதலில் எழுப்பிய எலும்புக்கூடுதான் முதல் மிதி மிதிக்கும். நன்றி கெட்ட எலும்பு.

சாயந்திரம் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் இந்த ராணியை ஒன்றும் செய்ய முடியாது. தொடர்ந்தாற்போல் ஒரு வாரம் வேண்டும். கடையில் தரையைப் பெயர்த்து டைல்ஸ் ஒட்டப்போகிறார்கள், அடுத்த வாரம் முழுக்க விடுமுறை என்று முதலாளியம்மா சொன்னபோது லென்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் மூச்சு விடவில்லை. கடைக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பி, மனைவி வேலைக்குப் போயிருக்கும் நேரமெல்லாம் திரும்பி வந்துவிடலாம், டிவி முன்னால் இருக்கும் மாமனார் கவனிக்க மாட்டார் என்று திட்டம்.

வெட்டுக்காயத்தில் காகிதத் துணுக்கை ஒட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்தார்.

"ஏங்க, அடுத்த வாரம் கடை லீவாமே" என்றார் அவர் மனைவி அம்மணி.

லென்ஸ் குடித்த டீ மூக்கு வழியாக வந்தது.

"யா... யார் சொன்னா?"

"உங்க முதலாளியம்மாதான். தோள்பட்டை வலிக்கு எங்கிட்டத்தான வராங்க."

இங்கே அம்மணியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் பிசியோதெரபிஸ்ட். காலையிலும் சாயந்திரமும் கிளினிக். இடுப்பொடிந்தவர், கால் முறிந்தவர், இனிமேல் எழவே மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டவர், எல்லாரையும் எழுப்பி நடக்க வைப்பதுதான் தொழில். குரலை உயர்த்தவே மாட்டார். கட்டிலருகே வந்து நின்று "எந்திரிங்க" என்பார். எழுந்துவிடுவார்கள். எதற்கு எழுந்தோம் என்பது வராந்தா முனை வரை நடந்த பிறகுதான் அவர்களுக்கே புரியும்.

"நல்லதாப் போச்சு" என்றார் அம்மணி. "எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வந்துடலாம். மொட்டை மாடியில தகர ஷெட் போடறாராம். கூடமாட ஒரு ஆள் இருந்தாத் தேவலைங்கறார்."

லென்ஸ் டீயைக் கீழே வைத்தார். மச்சான் வீடு கட்டிக் குடிபோய் வெகுகாலம் ஆகிறது. ஆனால் அவர் கட்டுவதை நிறுத்தவில்லை. போன தடவை தண்ணீர்த்தொட்டியின் ஒரு முனையை லென்ஸின் தோளில் ஏற்றி, ஏணியில் பாதி வழி போனதும் நின்று, "மாப்ளே, இந்தக் குழாய் எந்தப் பக்கம் வளையணும்னு நினைக்கிறீங்க?" என்று கருத்துக் கேட்டவர். கேட்டுவிட்டு, பதிலை மறுத்து விளக்கம் வேறு சொன்னார். தொட்டி அந்தப் பேச்சு முடியும்வரை லென்ஸின் தோளில்தான் இருந்தது.

"பார்க்கலாம்" என்றார் லென்ஸ், பலவீனமாக.

"பார்க்கறதுக்கு என்ன இருக்கு? வர்றதாச் சொல்லிட்டேன்."

கடையில் அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. ஒரு பெரியவரின் ஃபிரேமில் இடக்கண் வில்லையை வலக்கண்ணில் பொருத்தி, அவர் வாசல் படியைத் தேடித் தேடி இறங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டென்று ஒரு யோசனை பளிச்சிட்டது. மந்திரவாதி நேராகச் சண்டைக்குப் போவானா? மாட்டான். நான் எதற்குப் போகவேண்டும்? படையை அனுப்பினால் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் முதல் சிப்பாயை எழுப்பினார். உண்மையாகவே எழுப்பினார். மாமனார் சாய்வு நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க முழங்கால் எப்படி இருக்கு?"

"நல்லாத்தானே இருக்கு மாப்பிள்ளை."

"வெளியில தெரியாது மாமா. உள்ளுக்குள்ள இருக்கும். இந்த நேரத்துல தூரப் பயணம் ஆகுமா? வழியில மடக்கின கால் மடக்கினபடியே நின்னுடுச்சுன்னா?"

மாமனார் தன் முழங்காலைச் சந்தேகத்தோடு பார்த்தார். "நின்னுடுமோ?"

"உங்க மககிட்ட நீங்களே சொல்லுங்க. பயணம் வேண்டாம்னு. நான் சொன்னதாச் சொல்லாதீங்க. இனிமே டிவி ரிமோட்டை நான் தொடவே மாட்டேன்."

"அதை இப்பவும் நீங்க தொடறதில்லையே" என்று சொல்லிக்கொண்டே மாமனார் நொண்டியபடி உள்ளே போனார். அந்த நொண்டல் லென்ஸுக்கு மிகவும் பிடித்திருந்தது. கதவோரம் காதை வைத்தார். அப்பா முனகுவது கேட்டது. மகள் ஏதோ கேட்பது கேட்டது. அப்புறம் "எந்திரிங்க" என்ற அந்தக் குரல் கேட்டது. அதன் பிறகு தரை அதிர்ந்தது.

மாமனார் வெளியே வந்தபோது நொண்டவில்லை. முழங்காலை மார்பு வரைக்கும் தூக்கித் தூக்கி வைத்து, அணிவகுப்பு மாதிரி வந்தார்.

"மாப்பிள்ளை, ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கறதுதான் கெடுதலாம். பயணம் நல்லதாம். மாடிப்படி ஏறி இறங்கணுமாம். உங்க சட்டை ரெண்டைக் குடுங்க, என் பையில இடம் இருக்கு."

லென்ஸ் அனுப்பின படை பாதி வழியில் திரும்பி இவர் மேலேயே பாய்ந்திருக்கிறது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் தோல்வியை ஒத்துக்கொள்கிறவன் மந்திரவாதியே இல்லை. முதல் எலும்புக்கூடு எப்போதுமே சோப்ளாங்கிதான், அடுத்தது வலுவானதாக இருக்கவேண்டும் என்று மாடிக்குப் போனார்.

மாடி வீட்டில் ஒரு வக்கீல் இருக்கிறார். கோர்ட்டில் பேசுவதைவிட மாடிப்படியில் அதிகம் பேசுகிறவர். அவருடைய கண்ணாடியின் திருகாணி அடிக்கடி கழன்று விழும். லென்ஸ்தான் மாட்டிக் கொடுப்பார். அந்த நன்றி இருந்தது.

"சார், எங்க வீட்டம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசணும்."

"ஒரு வார்த்தை நமக்குப் பழக்கமில்லையே" என்றார் வக்கீல். "விஷயம் என்ன?"

"வீட்டைப் பூட்டிட்டு எல்லாரும் ஊருக்குப் போறது ஆபத்து. இந்தத் தெருவுல திருட்டு பயம் ஜாஸ்தி. இதை நீங்க சட்டப்படி எடுத்துச் சொல்லணும்."

"நடந்திருக்கா திருட்டு?"

"நடக்கறதுக்கு முன்னாடி சொல்றதுதான சார் நல்லது."

வக்கீலுக்கு அந்த வாதம் பிடித்துப்போயிற்று. மறுநாள் காலையிலேயே சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டு கீழே இறங்கினார். லென்ஸ் மாடிப்படி வளைவில் காத்திருந்தார். டீ ஆறுகிற நேரம் போயிற்று. இன்னொரு டீ ஆறுகிற நேரமும் போயிற்று. வக்கீல் திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"கேஸ் நம்ம பக்கம் சார். வீட்டைப் பூட்டிட்டுப் போறது சரியில்லைன்னு மேடம் முழுசா ஒத்துக்கிட்டாங்க. ஒருத்தர் கட்டாயம் வீட்ல இருந்தே ஆகணும்னு முடிவாயிடுச்சு."

ஒருத்தர். லென்ஸுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த ஒருத்தர் யார் என்பதில் அவருக்குத் துளிச் சந்தேகம் இல்லை. வக்கீலின் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, இரண்டு திருகாணியையும் முறுக்கி, சட்டையால் துடைத்தும் கொடுத்தார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"வக்கீல் சார் சொல்றது நியாயம்தாங்க" என்றார் அம்மணி. "ஒருத்தர் இருக்கத்தான் வேணும்."

"மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு" என்று பெருமூச்சு விட்டார் லென்ஸ். "மச்சானைப் பார்க்கணும்னு எவ்வளவு ஆசையா இருந்தேன். என்ன பண்றது, நானே..."

"நானே இருந்துக்கறேன்."

"என்னது?"

"நீங்களும் அப்பாவும் போயிட்டு வாங்க. நீங்கதான் ஆசையா இருக்கீங்களே."

தலையில் இடி விழுந்தால்கூட லென்ஸ் இவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார். இடிக்குப் பிறகு வீட்டில் ஓய்வாவது கிடைக்கும். மாடிப்படியைத் தாவித் தாவி ஏறினார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?"

"என்ன பண்ணேன்? யார் இருக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே. மேடமே இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்." வக்கீல் கையைப் பின்னால் கட்டி, நெஞ்சை விரித்து, மூச்சை இழுத்துப் பிடித்தார். "என் முதுகைப் பார்த்ததுமே சொல்லிட்டாங்க சார், கூன் விழுதுன்னு. இந்தப் பயிற்சி செஞ்சா சரியாயிடுமாம். தினம் காலையில வரச் சொல்லியிருக்காங்க. அவங்க ஊருக்குப் போயிட்டா யாரு பார்ப்பா, நீங்களா?"

இரண்டாவது சிப்பாயும் போய்விட்டான். லென்ஸ் விடவில்லை. ரத்த சம்பந்தம் மாறாது என்று நம்பித் தன் தங்கைக்குப் போன் போட்டார். "அண்ணியைத் தனியா விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரலைம்மா. நீ கொஞ்சம் பேசி, என்னை இங்கயே இருக்கச் சொல்லேன்" என்றார். தங்கைக்குக் குரல் தழுதழுத்தது. இப்பவே பேசறேன் அண்ணா என்றாள்.

அவள் பேசினாள். அம்மணி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, துணிகளை மடித்து, பெட்டியில் அடுக்கி, மூடி, பூட்டும் போட்டார். அத்தனை நேரம் பேசினார்கள். நடுநடுவே சிரிப்பு வேறு. பெட்டிக்குள் போனது லென்ஸின் துணிகள்.

பிறகு தங்கை அண்ணனைக் கூப்பிட்டாள். இப்போது குரல் தழுதழுக்கவில்லை.

"ஏன்ணா, உனக்கு இரக்கமே கிடையாதா? அண்ணி ஒரு நாள் தனியா உட்கார்ந்து பார்த்திருக்கியா? ஒரு வாரம் அவங்க நிம்மதியா இருக்கட்டும். மரியாதையா அவங்க அப்பாவைக் கூட்டிட்டுக் கிளம்பு."

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"கிளம்புன்னா கிளம்பு."

அனுப்ப இனிமேல் ஆள் இல்லை. மந்திரவாதி தானே போகவேண்டியதுதான். உரசினால் செத்துவிடுவோம் என்று தெரிந்தும் லென்ஸ் வேட்டியை இறுக்கிக்கொண்டு, அதாவது பேன்ட் பெல்ட்டை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுக்கொண்டு, மனைவி முன்னால் போய் நின்றார். அம்மணி கூடத்துப் பாயில் உட்கார்ந்து தன் கட்டைவிரலை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் போகல" என்றார் லென்ஸ். "நான் வீட்ல இருக்கேன். நீ போ. முடிவாச் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"சரி" என்றார் அம்மணி.

"சரியா?"

"சரிங்க. நீங்களே இருங்க. நான் அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன். ஆனா வக்கீல் சாரை வரச் சொல்லிட்டேன். அவரு மட்டும் இல்ல, கிளினிக் நேரத்துல வர முடியாதவங்க ஏழெட்டுப் பேர் தினம் வீட்டுக்கு வருவாங்க. ஒவ்வொருத்தரா இந்தப் பாயில படுக்க வெச்சு, காலைப் பிடிச்சு, மெதுவாத் தூக்கி, பிடிச்சபடியே நிக்கணும். அந்தத் தபால்காரர் மட்டும் கொஞ்சம் கத்துவாரு. பயப்படாதீங்க. எதிர் வீட்டு டீச்சர் எட்டி உதைப்பாங்க. அது நல்ல அறிகுறி. காலையில ஆரம்பிச்சா சாயந்திரம் ஆயிடும். செய்வீங்கதான?"

அறைக்குள் மேஜைமேல் இருந்த லேப்டாப்பை லென்ஸ் எட்டிப் பார்த்தார். காலையில் ஆரம்பித்தால் சாயந்திரம். ஒரு கையில் தபால்காரர் கால், இன்னொரு கையில் டீச்சர் கால். எந்தக் கையால் ராணியைக் கொல்வது?

"நான் என்ன டாக்டரா?" என்றார். "நோயாளிங்க பாவம் இல்லையா? நீ இருந்து கவனி. மச்சான் வீட்டுக்கு நானே போறேன்."

"எனக்காகக் கஷ்டப்படாதீங்க."

"சும்மா இரு. போறேன்னா போறேன்." அந்தக் குரலில் இருந்த அதிகாரம் லென்ஸுக்கே புதிதாக இருந்தது. ஒரு கணம் ஜெயித்த மாதிரியே இருந்தது.

கிளம்புகிற நாள் காலையில் கார் வந்து நின்றது. மாமனார் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து டிரைவரிடம் முழங்காலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அம்மணி வாசல்வரை வந்து கையசைத்தார். அவர் கண் லேசாகக் கலங்கியிருந்ததாக லென்ஸுக்குத் தோன்றியது. நம்மைப் பிரிய அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்று நினைத்து நெகிழ்ந்துபோனார். கார் தெருமுனை திரும்பியதும் மாமனார் தொடையில் தட்டிக்கொண்டார்.

"முழங்கால் பட்டையை விட்டுட்டேன் மாப்பிள்ளை."

காரைத் திருப்பினார்கள். லென்ஸ் இறங்கி, தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து அம்மணியின் குரல் கேட்டது.

"எந்திரி. ம், நீயும்தான். எல்லாரும் இடது பக்கம் போங்க. நெட்டையா, நீ இரு. நீ போய்ச் செத்துத் தொலைக்காத."

இவ்வளவு சீக்கிரம் நோயாளிகள் வந்துவிட்டார்களா? வாசலில் செருப்பு எதுவும் இல்லையே. அதுவும் ஒரு நோயாளியைப் பார்த்து இப்படியா பேசுவது? லென்ஸ் சத்தமில்லாமல் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

அம்மணி கூந்தலைத் தூக்கிக் கொண்டை போட்டிருந்தார். பின்னால் இரண்டு தலையணை. கையில் லென்ஸின் ஜாய்ஸ்டிக். திரையில் ஒரு படை போய்க்கொண்டிருந்தது. லென்ஸின் படை ஒரு தெருக்கூட்டம் என்றால் இது திருவிழாக் கூட்டம். எலும்புக் குதிரைகள் இருந்தன. எலும்பு யானை ஒன்று இருந்தது. அந்த விளையாட்டில் யானை உண்டு என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

கையிலிருந்த சாவி நழுவி விழுந்தது.

"என்ன... என்ன இது?"

"கொஞ்சம் இருங்க. இப்ப திரும்பினா செத்துடுவேன்."

இருந்தார். யானை ஒரு கோட்டைக் கதவை முட்டிப் பெயர்த்தது. அம்மணி ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார். கொஞ்சமும் பதற்றம் இல்லை.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டார் லென்ஸ்.

"மத்தியானம் கிளினிக் கிடையாது. நீங்க கடைக்குப் போயிடறீங்க. ஒரு நாள் சும்மா தொட்டுப் பார்த்தேன். கீழ கிடக்கறவங்களை எழுப்பி நடக்க விடணும், அவ்வளவுதான? நமக்குத் தெரிஞ்ச வேலைதானன்னு உட்கார்ந்தேன். உங்க ஆட்டத்தைத் தொடல. தனியாத்தான் வெச்சிருக்கேன்."

"அப்ப ஜாய்ஸ்டிக் பேட்டரி தினம் காலியாகறது?"

"நான்தான்."

"மட்டமான பேட்டரின்னு கடைக்காரன்கிட்ட சண்டை போட்டேனே. உங்க அப்பா இதைப் பார்க்கலையா? மத்தியானமெல்லாம் வீட்லதான இருக்காரு?"

"அப்பாதான் பக்கத்துல உட்கார்ந்து, எந்தப் பக்கமா வர்றாங்கன்னு சொல்லுவாரு. கொஞ்ச நாளா முன்னால போக முடியல. ராவும் பகலும் உட்கார்ந்தாத்தான் ஆகும்னு கிளினிக்குக்கும் லீவு விட்டுட்டேன். வக்கீல் சாரைத் தவிர நோயாளிங்க யாரும் வரப்போறதில்ல. ஒரு வாரம் வீடு காலியா இருந்தா நல்லா இருக்கும்னு அவருதான் அண்ணன்கிட்டப் பேசி ஷெட் போடச் சொன்னாரு."

முதல் சிப்பாய். அவரே தட்டி எழுப்பி அனுப்பிய சிப்பாய். லென்ஸ் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே கார் ஹாரன் அடித்தது. அவருக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரே ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது. மாதக்கணக்காகச் செத்துச் செத்து வளர்த்த ஆசை.

"ஒண்ணே ஒண்ணு கேட்கறேன்" என்றார். "யானையோ குதிரையோ எதை வேணா வெச்சு விளையாடு. நான் எதுவும் சொல்லல. அந்தச் சாம்பல் ராணியை மட்டும் கொல்லாம விட்டு வை. அவளை நான்தான் கொல்லணும். முதல்ல நான்தான்."

"எந்த ராணி?" அம்மணி புருவத்தைச் சுருக்கி யோசித்தார். பிறகு ஜாய்ஸ்டிக்கை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"ஓ, அவளா? அவ சும்மா வாசல்ல இருக்கற காவக்காரிதாங்க. ஆட்டமே அவளைத் தாண்டினப்புறம்தான ஆரம்பிக்குது."